பன்றிக் காதும் என் மோவாயும்

சான் ரோக்கோ
1955 ஜனவரி 16, ஞாயிறு

அன்புள்ள ஒனோரினாவுக்கு,

உன் புருஷன் ஜெலிந்தோ எழுதுகிறேன். நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் பொய்யோடு ஒரு கடிதத்தைத் தொடங்க எனக்கு இஷ்டமில்லை. கன்னம் இரண்டும் எரிகின்றன. கழுத்தில் அங்கங்கே சிகரெட் தாளைக் கிழித்து ஒட்டியிருக்கிறேன். நேற்று வாங்கிய சவரக்கத்தியைச் சாணக்குழியில் எறியலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் தம்பி செவெரினோ சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான், ஊதினேயில் அவன் சவரக் கடையைப் பார்க்க ஆளில்லை என்று தந்தி வந்தது. “ரெண்டே வாரம், போயிட்டு வந்துடறேன்” என்று பெட்டியைக் கட்டினாய். நானும் சரி என்றேன். கிறிஸ்துமஸ் போயிற்று, மூன்று ராஜாக்கள் திருநாளும் போயிற்று. ஊதினேயில் மட்டும் வாரம் ரப்பர் மாதிரி நீளுமோ?

நான் கோபப்படவில்லை. உடைந்த கை உடைந்ததுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன், உன் அப்பாவின் சவரக்கத்தியை ஏன் எடுத்துக்கொண்டு போனாய்? இழுப்பறையைத் திறந்தால் அதைச் சுற்றிவைக்கிற ஃபிளானல் துணிகூட இல்லை. சவரக் கடைக்குப் போகிறவள் வீட்டில் இருக்கிற ஒரே கத்தியைத் தூக்கிக்கொண்டு போவாளா? அங்கே கத்திக்கா பஞ்சம்?

கல்யாணம் ஆன நாள் முதல் புதனும் ஞாயிறும் நாற்காலியைப் போட்டுத் தலையைச் சாய்த்தால் போதும், நீ வழித்துவிடுவாய். நான் பேசிக்கொண்டிருப்பேன். இந்த முகத்துக்கு வேறு கை தெரியாது. உள்ளூர்ச் சவரக்காரன் தீத்தாவிடம் போகச் சொல்லாதே. நுரை போடுவதற்கு முன்பே “என்ன ஜெலிந்தோ, வீட்டம்மா எங்க, ஆளையே காணோம்?” என்பான். அடுத்த கோயில்மணி அடிப்பதற்குள் ஊரே என் வீட்டு அடுப்பைப் பற்றிப் பேசும். புதிதாக வந்திருக்கிறதே, தகரத் தாள் மாதிரி பிளேடு, அதையும் பக்கத்து வீட்டுப் புரூனாவின் புருஷனிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். என் தாடிக்கு அது பாதிக் கன்னத்திலேயே செத்துப்போயிற்று.

பன்றி வெட்டும் காலம் இது. தினம் ஒரு வீட்டுக்குக் கத்தியும் கொக்கியும் தோளில் மாட்டிக்கொண்டு போகவேண்டியவன் நான். காட்டிலிருந்து வந்தவன் மாதிரி எப்படிப் போய் நிற்பது? அதனால்தான் சந்தையில் அந்தக் கத்தியை வாங்கினேன். அலகில் தங்கத்தால் ஒரு பாய்மரக் கப்பல் வரைந்திருக்கிறது. பிடி வெண்ணெய் நிறம். விற்றவன், “அண்ணே, இதுல ஒரு தடவ வழிச்சீங்கன்னா தாடி பயந்துக்கிட்டு ஒரு வாரம் வெளிய வராது” என்றான். இன்று காலை பூசைக்கு முன்னால் வழித்தேன். மாதாவே! அது வழிக்கவில்லை, பிடுங்கியது. இருபது வருஷமாகப் பன்றி வெட்டுகிறேன், ஒரு பன்றிகூட நான் இன்று கத்திய மாதிரி கத்தியதில்லை.

செவெரினோவின் எலும்பைச் சீக்கிரம் கூடச் சொல். சனிக்கிழமை பஸ்ஸில் வந்துவிடு.

ரத்தக் காயங்களோடு,
உன் ஜெலிந்தோ


ஊதினே
ஜனவரி 24, திங்கள்

அன்புள்ள ஜெலிந்தோ,

கடிதம் கிடைத்தது. சிகரெட் தாளை ஒட்டாதே. படிகாரம் அடுப்படி ஜன்னலுக்கு மேலே நீல டப்பாவில் இருக்கிறது. நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

இன்று திங்கள், கடை விடுமுறை, அதனால்தான் எழுத நேரம். செவெரினோவுக்கு மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. வந்த புதிதில் கத்திகளைத் தீட்டிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவன் இடது கையால் சவரம் செய்கிறேன் என்று வீம்பு பிடித்தான். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் வருவார், நல்ல மனிதர், வாயில் சுருட்டு இல்லாமல் பார்க்க முடியாது. அவர் இவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, “கத்தி நல்லாத்தான் இருக்கு, கைதான் ஆடுது. தீட்டினது யாரு?” என்று கேட்டார். “எங்க அக்கா” என்றான். “அப்ப அவங்களே வழிக்கட்டும். எனக்கு இந்தக் கழுத்து ஒண்ணுதான் இருக்கு” என்றார். அன்றிலிருந்து நான்தான் வழிக்கிறேன். சனிக்கிழமைகளில் உட்கார இடமில்லாமல் வாசலில் நிற்கிறார்கள்.

உன் தங்கக் கப்பலுக்கு வருகிறேன். கழுத்து மணியைப் பார்த்து மாடு வாங்குகிறவனா நீ? எந்த வீட்டுப் பன்றியானாலும் முதுகைத் தடவிப் பார்த்தே எடை சொல்வாய். கத்தி வாங்கும்போது மட்டும் அந்தக் கை எங்கே போயிற்று? அது வெறும் தகடு. சந்தைக்கு வரும் தகடுகளுக்குத்தான் படம் வரைவார்கள். அதை வைத்து வெண்ணெய் வெட்டு.

கத்திக்குப் பேர்போன மனியாகோவுக்குப் போ. கடைத்தெருவில் நிற்காதே, சாணை பிடிக்கிறவர்களின் பட்டறைக்குள் போ. பழைய கத்தியே கேள், நல்லதாகவே இருக்கும். வாங்குவதற்கு முன் ஜன்னல் கண்ணாடிமேல் படுக்கவைத்துப் பார். கத்தியின் முதுகும் வெட்டுகிற வாயும் இரண்டுமே கண்ணாடியைத் தொடவேண்டும். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடு. வாயை நகத்தால் மெல்லச் சுண்டினால் ஒரு சின்னச் சத்தம் பாடும். பாடாதது வேண்டாம். பிடி என்ன நிறம் என்று பார்க்கவே பார்க்காதே.

அப்பாவின் கத்தி என்னிடம் இருக்கிறது. என்னிடமே இருக்கும்.

ஒனோரினா


சான் ரோக்கோ
ஜனவரி 30, ஞாயிறு

ஒனோரினா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாவது முறை இன்னும் அதிகமாக வந்தது.

ஊரான் கழுத்தையெல்லாம் பிடித்துச் சவரம் செய்கிறாயா? நீயா? சுருட்டு பிடிக்கிற ஸ்டேஷன் மாஸ்டருக்கு வெந்நீர்த் துண்டால் ஒத்தடமும் கொடுக்கிறாயா? புரூனா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “ஒனோரினா அங்க போயி என்ன சிரைக்கிறா?” என்று கேட்டாள். ஏதாவது சொல்லவேண்டுமே என்று, “தம்பிக்குக் கஞ்சி வச்சிக் குடுக்கிறா” என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் கேட்ட கேள்விக்கு அதுவே சரியான பதிலாக இருந்திருக்கும். நினைத்து நினைத்து வயிறெரிகிறது.

சரி, மனியாகோ. போனேன். அரை நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு, பனியில் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனேன். ஒரு பட்டறையில் ஒல்லியான கிழவர் ஒருவர், பல்லெல்லாம் போனவர், பழைய கத்திகள் கிடந்த ஒரு பெட்டியைத் தள்ளினார். நீ சொன்னபடி ஒவ்வொன்றாக ஜன்னலில் வைத்துப் பார்த்தேன், நகத்தால் சுண்டினேன். கிழவர் புருவத்தைத் தூக்கிக்கொண்டு, “யாரு சொல்லிக் குடுத்தா?” என்றார். “என் பொண்டாட்டி” என்றேன். “அப்ப அவங்கள அனுப்பியிருக்கலாமே, சீக்கிரம் முடிஞ்சிருக்கும்” என்றார். எல்லோருக்கும் நான்தான் கேலிப்பொருள்.

ஒன்று பாடியது. கறுப்புப் பிடி, படம் எதுவும் இல்லை. வாங்கினேன். “சாணை மட்டுந்தான் புடிச்சிருக்கு. கல்லுல தீட்டிக்கணும்” என்றார் கிழவர். சிரிப்பு வந்தது. யாரிடம் சொல்கிறார்? காலையும் மாலையும் கத்தி தீட்டுவதுதானே என் பிழைப்பு? கொல்லன் தெருவில் ஊசி விற்கிறார் மனிதர்.

வீட்டுக்கு வந்து என் கல்லில் நன்றாக ஏற்றினேன். எலும்பு பிரிக்கிற கத்தியை எப்படி ஏற்றுவேனோ அப்படியே. மேசையில் தேய்த்தால் மேசை சீவிக்கொண்டு வந்தது. சந்தோஷமாக நுரை போட்டு முகத்தில் வைத்தேன். மோவாயில் ஒரு வெட்டு, காதுக்குக் கீழே இன்னொன்று. வெட்டாத இடத்தில் ரம்பம் போட்ட மாதிரி இழுக்கிறது. தாடி அப்படியே நிற்கிறது, தோல்தான் போயிற்று.

இதற்காகக் கெஞ்ச வைக்காதே. உனக்கு இது பத்து நிமிஷ வேலை. சனிக்கிழமை பஸ்ஸில் வா, தீட்டிவிடு. போகவேண்டுமென்றால் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஜெலிந்தோ


ஊதினே
பிப்ரவரி 7, திங்கள்

அன்புள்ள ஜெலிந்தோ,

கத்தியின் முதுகைத் தூக்கிப் பிடித்துத்தானே தீட்டினாய்? தெரியும். கண்ணால் பார்த்த மாதிரி தெரியும். செவெரினோ உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு மாவுக்கட்டோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

உன் கத்திகளுக்கு முதுகைத் தூக்கவேண்டும். எவ்வளவு தூக்குவது என்பது உன் கைக்குத் தெரியும், அதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. சவரக்கத்தி அப்படியல்ல. எவ்வளவு சாய்க்கவேண்டும் என்பதைச் செய்தவனே அதன் முதுகின் கனத்தில் வைத்துவிட்டான். நீ முடிவுசெய்ய அங்கே ஒன்றுமில்லை. முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படுத்திருக்கவேண்டும். வாய் முன்னால் போகட்டும். திருப்பும்போது முதுகின்மேல் புரட்டு, வாயின்மேல் புரட்டாதே. தோல்வாரில் தீட்டும்போது மட்டும் முதுகு முன்னால் போகவேண்டும். அதையும் தலைகீழாகச் செய்யாதே, வார் இரண்டாகிவிடும்.

உன் கல் இதற்கு ஆகாது, அது மண்வெட்டிக்கு ஆகும். செவெரினோவிடம் பெல்ஜியத்து மஞ்சள் கல் துண்டு ஒன்று உபரியாக இருந்தது. பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். தண்ணீர் விட்டுத் தேய், எண்ணெய் வேண்டாம். உன் கத்தி வாங்கிய அடியெல்லாம் சரியாகிப் பழைய வாய் திரும்ப நாளாகும். ஆனால் திரும்பும்.

முக்கியமானது இதுதான்: அழுத்தாதே. கத்தியின் கனம் போதும். உன் கை எதைத் தொட்டாலும் அழுத்தும் ஜெலிந்தோ. கதவைத் தொட்டாலும் அழுத்தும்.

“பத்து நிமிஷ வேலை” என்று எழுதியிருக்கிறாய். அதைப் பற்றி இப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒனோரினா


சான் ரோக்கோ
பிப்ரவரி 13, ஞாயிறு

ஒனோரினா,

உன் கல் வந்தது. சோப்புக்கட்டி அளவு கூட இல்லை. இதற்கு டிரைவருக்கு ஒரு முழத் தொத்திறைச்சி கொடுக்கவேண்டியதாயிற்று.

நீ சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். படுக்கவைத்தேன். தண்ணீர் விட்டேன். முதுகின்மேல் புரட்டினேன். கை வலிக்க வலிக்கத் தேய்த்தேன். முன்கையில் வைத்துப் பார்த்தால் ஒரு ரோமமாவது போகவேண்டுமே? தடவிக் கொடுத்துவிட்டு வருகிறது, பூனை மாதிரி. மறுநாளும் தேய்த்தேன். மூன்றாம் நாள் ஓரளவு பிடித்தது. சரி, வாரில் தீட்டலாம் என்று கொக்கியில் மாட்டி இழுத்தேன். ஏதோ ஞாபகத்தில் வாயின்மேல் புரட்டிவிட்டேன். வார் இரண்டு துண்டு. அது உன் வார்தான், நீ விட்டுப்போனது. என்னிடம் கோபித்துப் பயனில்லை. இந்தச் சனியன் பிடித்த பொருளை எவன் கண்டுபிடித்தானோ அவனைப் போய்க் கேள்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள். இத்தனை வருஷமாக இது இவ்வளவு கஷ்டம் என்று நீ ஒரு வார்த்தை சொன்னதுண்டா? பாட்டு முணுமுணுத்துக்கொண்டே செய்வாய். பார்க்கிறவனுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற மாதிரி இருக்கும்.

வியாழக்கிழமை மலையடிவாரத்தில் ஒரு வீட்டில் வேலை. பன்றியை வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, ஏணியில் தொங்கவிட்டேன். வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தாள், பன்றியைப் பார்த்தாள். “செத்தவன் மொகம் பளபளன்னு இருக்கு, வெட்ட வந்தவனுக்குத்தான் கேடு!” என்றாள். முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? குடலைக் கழுவும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. வெந்நீர் ஆவி என்று சொல்லிவிட்டேன்.

உன் அப்பாவின் கத்தி மட்டும் இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அதுவல்லவோ கத்தி! டிசம்பரில் சானியேர் வீட்டுப் பன்றிக்குக் காதுமடலில் மென்முடி விடவே மாட்டேன் என்றது. அதைக் கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்தேன், குழந்தைக் கன்னம் மாதிரி ஆகிவிட்டது. சானியேர் வாயைப் பிளந்தான். அப்படிப்பட்ட கத்தியை நீ அங்கே வைத்துக்கொண்டிருக்கிறாய், நான் இங்கே தகரத்தோடும் தண்ணீரோடும் மல்லுக்கட்டுகிறேன்.

வருகிறாயா இல்லையா? அல்லது நான் என்ன செய்துவிட்டேன் என்றாவது சொல்.

ஜெலிந்தோ


ஊதினே
பிப்ரவரி 17, வியாழன்

ஜெலிந்தோ,

திங்கள்வரை காத்திருக்க முடியவில்லை. ஸ்டேஷன் மாஸ்டரை நுரையோடு உட்காரவைத்துவிட்டு எழுதுகிறேன்.

என்ன செய்துவிட்டேன் என்று கேட்கிறாய். அதே தாளில், அதற்கு மேலே நாலு வரியில், என்ன செய்தாய் என்று பெருமையாக எழுதியும் இருக்கிறாய். எழுதிவிட்டு உனக்கே தெரியவில்லை.

சானியேர் வீட்டு வேலைக்கு மறுநாள் புதன்கிழமை. உன்னை நாற்காலியில் உட்காரவைத்துக் கத்தியைத் திறந்தேன். கீலுக்குள் கொழுப்பு. பிடிக்குள் ஒரு வெள்ளை முடி. வாயில் துரு ஒரு புள்ளி. பன்றிக் கொழுப்பின் வாசம் எனக்குத் தெரியாதா? உன் சட்டைகளைத் துவைத்துத் துவைத்து அது என் நகத்திலேயே இருக்கிறது. வெந்நீர் வைத்தேன், சாம்பல் போட்டுத் துடைத்தேன், கல்லை எடுத்துத் தீட்டினேன். நீ நாற்காலியிலிருந்து, “இன்னும் எவ்ளோ நேரம்டி? பத்து நிமிஷ வேலை” என்றாய்.

பிறகு வழித்தேன். ஒரு கன்னம் முழுக்க நீ ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ சானியேர் சலாமிக்கு மிளகு பத்தாது என்று சொன்னாய். இன்னொரு கன்னமும் முடிந்தது. பூண்டைத் திராட்சை ரசத்தில் ஊறப்போட வேண்டும் என்று சொன்னாய். சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்பதே உனக்குத் தெரியவில்லை ஜெலிந்தோ. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்பா சாகும்போது கடையைச் செவெரினோவுக்குக் கொடுத்தார். அவன் ஆண்பிள்ளை. சின்ன வயதிலிருந்து அந்தக் கடையின் கத்திகளையெல்லாம் தீட்டினவள் நான். எனக்குக் கொடுத்தது அந்த ஒரு கத்தி. அந்தக் கல், அந்த நாற்காலி, அந்த வாசல் எல்லாம் சேர்ந்து எனக்கு அந்த ஒரு கத்தியாக வந்தன. அதை நீ பன்றிக் காதில் வைத்தாய்.

அன்று சாயங்காலம் தந்தி வந்தது. தம்பி கை உடைந்தது என்று படித்துவிட்டு மாதாவுக்கு நன்றி சொன்னேன். எப்படிப்பட்ட அக்கா பார்.

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். செவெரினோ நன்றாக வழிக்கிறான். நான்தான் இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை. இங்கே வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டுகிறார்கள். எழுந்து கண்ணாடியில் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு சிஞோரா” என்கிறார்கள். இத்தனை வருஷத்தில் உன் வாயிலிருந்து அந்த ‘நல்லா இருக்கு’ வந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை.

நுரை காய்கிறது. போகிறேன்.

ஒனோரினா


சான் ரோக்கோ
பிப்ரவரி 20

ஒனோரினா,

ஒரு கத்திக்காகவா? நான் வேறு பெண்ணிடம் போனேனா? குடித்துவிட்டு வந்து அடித்தேனா? கத்தி வெட்டுவதற்குத்தான். வெட்டியது, கழுவினேன், துணியில் சுற்றி இருந்த இடத்தில் வைத்தேன். அது வழிக்கிறது என் முகத்தைத்தானே, என் முகம் ஒன்றும் சொல்லவில்லையே.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றால் நீயே பிடித்துக்கொண்டிரு. வரவேண்டாம். தாடி வளர்க்கிறேன்.

ஜெலிந்தோ


சான் ரோக்கோ
மார்ச் 6, ஞாயிறு

அன்புள்ள ஒனோரினா,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. நானாக இருந்தாலும் போட்டிருக்கமாட்டேன்.

தவக்காலம் வந்துவிட்டது. எங்கேயும் பன்றி இல்லை, கத்திகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டுத் தொங்கவிட்டேன். சாம்பல் புதனுக்குப் போனேன். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசிவிட்டு, கன்னத்தைப் பார்த்து, “கீழ நீயே பூசிக்கிட்டு வந்துட்டியாப்பா?” என்று காதோடு கேட்டார். தவக்காலத்தில் சாமியாரே கேலி செய்தால் மனிதன் எங்கே போவான்?

வேறு வேலை இல்லை. தினமும் அந்தச் சோப்புக்கட்டிக் கல்லோடு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. கோபத்தில் உட்கார்ந்தேன். ஒரு ஜடப்பொருள் என்னை ஜெயிப்பதா என்று.

ஒரு நாள் ஈரக் கையிலிருந்து கத்தி நழுவியது. விழுகிற கத்தியைப் பிடிக்காதே என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் நான். பிடித்தேன். கல்தரையில் விழுந்தால் வாய் போய்விடுமே, இத்தனை நாள் பாடுபட்டது போய்விடுமே என்று கை தானாக நீண்டுவிட்டது. இடது பெருவிரல் ஆழமாகப் போயிற்று. புரூனா கட்டுப்போட்டுக்கொண்டே, “ஏன்யா, புத்தி கெட்டுப்போச்சா?” என்றாள். கத்திக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஒரே கைதான். கல்லை மேசையில் ஈரத்துணியில் வைத்து, வலது கை இரண்டு விரலால் பிடித்துத் தள்ளினேன். இரண்டு விரலால் அழுத்த முடியவில்லை. என்ன தெரியுமா, சத்தமே மாறிவிட்டது. இத்தனை நாள் கரகரவென்று கேட்டது, அன்று பட்டுத்துணியை இழுக்கிற மாதிரி கேட்டது. கையில் ஒரு ஒட்டுதல் தெரிந்தது, கல் கத்தியை விடமாட்டேன் என்கிற மாதிரி. உனக்கு இதெல்லாம் சின்ன வயதிலேயே தெரியும். எனக்கு நாற்பத்தேழில் தெரிந்தது. வாரை நடுவில் ஒட்டுப்போட்டுத் தைத்திருக்கிறேன், முடிச்சில் ஏறாமல் பாதி நீளத்துக்குத்தான் இழுக்க முடியும், போதும்.

நேற்று வழித்தேன். காதுக்குக் கீழே ஒரு சின்னக் கீறல், அவ்வளவுதான். கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். இன்று கோயிலில் புரூனா, “அட! ஒனோரினா வந்துட்டாளா?” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். “இல்ல. அவ ஊதினேல கடையில சவரம் பண்றா. சனிக்கிழமையானா கூட்டம் தாங்கல. இது நானே வழிச்சது” என்றேன். தீத்தாவும் நின்றுகொண்டிருந்தான். கிட்ட வந்து தாடையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று தோன்றியது. என் எலும்புக் கத்தியை எடுத்து எவனாவது உருளைக்கிழங்கு தோண்டியிருந்தால் அவன் கையை ஒடித்திருப்பேன். கழுவி வைத்தேன் என்று அவன் சொன்னால் இன்னொரு கையையும் ஒடித்திருப்பேன். உன் அப்பாவின் கத்திக்கு அந்த வாய் ஒவ்வொரு புதனும் ஞாயிறும் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். பன்றிக் காதில் வைத்தது தப்பு. அதைவிட, இரண்டு கன்னம் முடிகிறவரை மிளகைப் பற்றிப் பேசினேனே, அது பெரிய தப்பு.

இதுவரை எழுதின கடிதமெல்லாம் என் மோவாய்க்காக உன்னைக் கூப்பிட்டவை. மோவாய்க்கு இப்போது ஒரு குறையும் இல்லை. இனி அதைச் சொல்லிக் கூப்பிட முடியாது, கையில் வேறு காரணமும் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். வா, ஒனோரினா. வீட்டில் பேச ஆளில்லை. பேசுவதைக் குறைத்துக்கொள்கிறேன்.

ஜெலிந்தோ


ஊதினே
மார்ச் 14, திங்கள்

அன்புள்ள ஜெலிந்தோ,

பெருவிரலைத் தண்ணீர் படாமல் வைத்துக்கொள். புரூனா போடுகிற கட்டு எனக்குத் தெரியும், அவிழ்த்து இறுக்கமாகக் கட்டு. வாரில் ஒட்டுப்போட்ட இடத்தில் தைக்கிற மெழுகைத் தடவு, முடிச்சு அமுங்கும்.

உன் கடிதத்தைச் செவெரினோவிடம் படித்துக் காட்டவில்லை. இது எனக்கு மட்டும்.

தாளில் சொல்வது சுலபம், அதனால் சொல்லிவிடுகிறேன். கடையை விடமாட்டேன். செவெரினோவோடு பேசி முடித்தாயிற்று. இரண்டாவது நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறோம், அது என்னுடையது. ஞாயிறு மதியத்தோடு கடையை மூடுவோம், திங்கள் விடுமுறை. ஞாயிறு மதிய பஸ்ஸில் வருவேன், செவ்வாய் விடிகாலை பஸ்ஸில் போவேன். “ஞாயித்துக்கிழமைப் பொண்டாட்டி” என்று புரூனா சொல்வாள். நீ என்ன சொல்வாய் என்பதுதான் எனக்கு முக்கியம். முடியாது என்றால் இப்போதே எழுதிவிடு, எனக்கும் கோபித்துக்கொள்ள நேரம் வேண்டும். எழுதவில்லை என்றால் இந்த ஞாயிறே பஸ் ஏறுகிறேன். வந்து சேருவதற்கு முன்பே சோளக்களியைக் கிளறி வைக்காதே, ஆறினால் கல்லாகிவிடும்.

பேசுவதைக் குறைக்கவேண்டாம். மிளகைப் பற்றி வேண்டுமானால் பேசு. இடையில் ஒரு முறை “நல்லா இருக்கு” என்று சொல், போதும்.

உன் கத்தியைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. கொண்டுவந்து காட்டு, குறை சொல்வேன். ஆனால் புதன்கிழமையிலிருந்து முகத்தில் கத்தி வைக்காதே, தாடி இருக்கட்டும். அப்பாவின் கத்தியை எடுத்துக்கொண்டுதான் வருகிறேன். ஒரு பன்றியைச் சிரைத்த கத்திதானே, இன்னொன்றையும் தாங்கும்.

உன்
ஒனோரினா